மலைச் சைக்கிளின் இறங்கும் ஆசனம்

மலைமீது ஏறுவோன் படும் பாட்டை யாவரும் அறிவர். இறங்குவோன் எய்தும் அபாயத்தையோ இறங்கிப் பார்த்தவனே அறிவான். கால்நடையாகச் செல்வோனுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, சைக்கிளில் செல்வோனுக்குப் பன்மடங்கு பொருந்துவதாகும். வேலூரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளையும், ஓட்டேரிக்கு அப்பால் உயர்ந்து தோன்றும் பாலமதி மலையையும், மேற்கே ஏலகிரியையும், தெற்கே சவ்வாது மலைத் தொடரையும் நாள்தோறும் கண்டு வளரும் நம் மாணவருட் சிலர், அண்மைக் காலத்தில் மலைச் சைக்கிள்களை வாங்கி, விடுமுறை நாள்களில் அவ்விடங்களுக்குச் சென்று வருவதைப் பழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். தேகத்துக்கும் மனத்துக்கும் நலம் பயக்கும் இப்பழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் இதனுள் மறைந்துள்ள இடர் ஒன்றையும், அதனை நீக்கும் கருவி ஒன்றையும், அக்கருவியை அதிகப் பொருட்செலவின்றித் தெரிந்தெடுக்கும் முறையையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுமாறு என்னைத் தூண்டியது நண்பர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவமே. அவர் ஆம்பூரைச் சேர்ந்தவர். தந்தையார் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிபவர். விடுமுறையில் தாமும் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு மலைச் சைக்கிளை வாங்கினார். ஒரு நாட் காலையில் கல்லும் வேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதையொன்றில் இறங்கி வருகையில், முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டிற்று, பின்சக்கரம் மேலெழுந்தது, நண்பர் ஹாண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். வலக்கை மணிக்கட்டு முறிந்தமையால் ஆறு வாரம் அவரால் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. அப்பருவத் தேர்வையும் எழுத இயலவில்லை. பின்னர் அவர் தமக்கு நேர்ந்ததை ஆராய்ந்து, ஆசனம் ஏறுதற்குரிய உயரத்திலேயே இருந்ததே விபத்தின் காரணம் எனத் தெளிந்து, ஓடும்போதே தாழ்த்தக்கூடிய ஆசனத் தண்டு ஒன்றை வரவழைத்தார். அதுவும் அவர் சைக்கிளுக்குள் நுழையவில்லை! முதல் துன்பம் அறியாமையால் நேர்ந்தது. இரண்டாவது துன்பம் அளவாமையால் நேர்ந்தது. இவ்விரண்டும் நம் வாசகர்க்கு நேராதிருக்க வேண்டும்.

ஆசனத்தின் உயரம்

சைக்கிளில் ஆசனம் எவ்வுயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதை முதற்கண் ஆராய்வோம். பெடல் கீழ்நிலையை அடையும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்காலில் சிறிதே வளைவு எஞ்சியிருத்தல் வேண்டும். இதனை அறிய எளிய வழியொன்று உண்டு. ஆசனத்தில் அமர்ந்து, குதிகாலைப் பெடலின்மீது வைத்துக் கீழ்நோக்கித் தள்ளினால், கால் முழுவதும் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தைப் பெடலில் வைக்க, வேண்டிய வளைவு தானே அமைந்துவிடும். கணக்கை விரும்புவோர், வெறுங்காலுடன் நின்று தொடையிடுக்கிலிருந்து தரைவரை அளந்து, அவ்வளவை 0.883-ஆல் பெருக்குவர். வருகின்ற எண்ணே பெடல் தண்டுகள் சுழலும் மைய அச்சின் நடுவிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய நீளமாம். 80 சென்டிமீட்டர் அளவுடையார்க்கு இது 70.6 சென்டிமீட்டர் ஆகும்.

ஆசனம் இதனினும் தாழ்ந்திருப்பின் முழங்கால் மிகுதியாக மடங்கித் தொடைத் தசைகள் விரைவில் களைத்துப்போகும். நாளடைவில் மூட்டுவலியும் உண்டாகலாம். ஆதலின் ஏறுவதற்கும் சமவெளியிற் செல்வதற்கும் உயர்ந்த ஆசனமே நன்று. இது நம் தந்தையரும் பாட்டனாரும் தோல் மண்டிக்கும் சந்தைக்கும் ஓட்டிச் சென்ற கறுப்புச் சைக்கிள்களுக்கும் பொருந்தும் விதியே. 1949-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தாரின் ஹெர்குலிஸ் முதலிய வண்டிகளில் ஆசனத்தை ஒருமுறை திருகி இறுக்கிவிட்டால், வேறொருவர் அவ்வண்டியை இரவல் கேட்கும்வரை யாரும் அதனைத் தொடுவதில்லை. சமவெளிக்கு அது போதும், மலைக்குப் போதாது.

இறக்கத்தில் நிகழ்வது யாது?

இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கும்போது சைக்கிளின் வேகம் குறைகின்றது; ஓட்டுவோனின் உடலோ முன்னைய வேகத்திலேயே செல்ல முற்படுகின்றது. சக்கரம் தரையைத் தொடும் இடம் தாழ்ந்தும், உடலின் பளுமையம் உயர்ந்தும் இருத்தலின், முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றி வண்டி முழுவதும் முன்னோக்கிச் சுழல முயல்கின்றது. இச்சுழற்சியைத் தடுப்பது உடலின் பளுவே. பளுமையம் எவ்வளவு தாழ்ந்தும், எவ்வளவு பின்னோக்கியும் இருக்கின்றதோ அவ்வளவுக்குக் கவிழும் அபாயம் குறைகின்றது.

விஞ்ஞான வகுப்பு மாணவர்க்காக ஓர் உதாரணம் கூறுவோம். ஓட்டுவோனும் சைக்கிளும் சேர்ந்த பளுமையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்திலும், முன்சக்கரத்தின் தொடுபுள்ளிக்கு 0.6 மீட்டர் பின்னாலும் இருப்பதாகக் கொள்வோம். 15 பாகைச் சரிவில், பின்சக்கரம் தரையை விட்டெழாமல் பெறக்கூடிய மிகப்பெரிய வேகத்தணிவு, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.27 பங்கே ஆகும். ஆசனத்தைத் தாழ்த்தி, உடலைக் கீழும் பின்னுமாக நகர்த்தி, பளுமையத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்தவும் 10 சென்டிமீட்டர் பின்தள்ளவும் கூடுமாயின், அதே சரிவில் 0.42 பங்கு வேகத்தணிவைப் பெறலாம். அஃதாவது, பிரேக்கின் பயன் ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்கின்றது! பிரேக்கை மாற்றவில்லை, டயரை மாற்றவில்லை, உடலின் நிலையை மட்டுமே மாற்றினோம்.

ஆனால் ஏறுதற்குரிய உயரத்தில் ஆசனம் நிற்குமாயின், உடலைத் தாழ்த்த நினைத்தாலும் முடியாது. ஆசனமே இடையில் நின்று தடுக்கும். பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளும்போது கீழிருந்து மோதி ஓட்டுவோனை முன்னே தள்ளவும் செய்யும். நம் நண்பருக்கு நேர்ந்தது இதுவே.

கருவியின் வரலாறு

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில், மரின் கௌண்டி எனும் மலைப்பகுதியில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மண்பாதைகளில் உருட்டிப் பந்தயம் விட்டனர். மலைச் சைக்கிள் பிறந்தது அவ்வாறே. ஏறும்போது ஆசனத்தை உயர்த்தவும், இறங்கும்போது தாழ்த்தவும் அவர்கள் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர், ஜாஷ் ஏஞ்சல் என்பாருடன் சேர்ந்து, 1980-களில் 'ஹைட் ரைட்' என்னும் சிறு சுருள்வில்லை அமைத்தார். கவ்வு வளையத்தின் நெம்புகோலைத் தளர்த்தி உடற்பளுவால் அழுத்த ஆசனம் தாழும். மீண்டும் தளர்த்தி எழுந்து நிற்க, வில் அதனை மேலே தூக்கும்.

பின்னர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், தண்டே இரு குழாய்களாக அமைந்து ஒன்றனுள் ஒன்று இயங்கும் வகை கடைகளுக்கு வந்தது. இதனையே ஆங்கிலேயர் 'டிராப்பர் போஸ்ட்' என்பர். நாம் இறங்கு தண்டு என வழங்குவோம். ஹாண்டில்பாரிலுள்ள சிறு விசையைக் கட்டைவிரலால் அழுத்தியவாறே ஆசனத்தின்மீது அமர்ந்தால் அது தாழும். விசையை விட்டால் அங்கேயே நிற்கும். எழுந்து மீண்டும் விசையை அழுத்தினால் உயரும். வண்டியை நிறுத்தவேண்டியதில்லை, கையை எடுக்கவேண்டியதுமில்லை. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இத்தாலி நாட்டின் மிலான் - சான் ரெமோ என்னும் புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தில், சுலோவீனிய நாட்டு வீரர் மத்தேய் மொஹோரிச், போஜியோ என்னும் குன்றின் இறக்கத்தில் இக்கருவியைப் பயன்படுத்தி முந்திச் சென்று வெற்றி பெற்றார். மலைப்பாதைக்கென்று பிறந்த கருவி சாலையிலும் பயன் தந்தமை கண்டு பலரும் வியந்தனர்.

உள்ளே இருப்பது என்ன?

அலுவலகங்களில் உயர்த்தவும் தாழ்த்தவும் ஏற்ற சுழல் நாற்காலியை அனைவரும் கண்டிருப்போம். இறங்கு தண்டின் தத்துவமும் ஏறக்குறைய அதுவே. பெரும்பாலான தண்டுகளின் உள்ளே, அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் அடங்கிய உருளையொன்று உண்டு. அதன் அடைப்பான் திறந்திருக்கும்போது எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய, தண்டு நகரும். அடைப்பான் மூடியதும் எண்ணெய் நின்றுவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க இயலாதாகையால் தண்டும் அசையாது நிற்கும். மேலே தூக்குவது வாயுவின் விரிவாற்றல். ஆசனம் இடவலமாகத் திரும்பாதிருக்க, குழாய்களுக்கிடையே நீண்ட பள்ளங்களும் அவற்றில் ஓடும் சிறு உலோக முளைகளும் அமைக்கப்பட்டிருக்கும். முளைகள் தேயத் தேய ஆசனம் சற்று ஆடத் தொடங்கும். சிறிதளவு ஆட்டம் புதிய தண்டிலும் இருப்பது இயல்பே. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

விசையிலிருந்து அடைப்பானுக்குச் செய்தி செல்லும் வழி நான்கு வகைப்படும். ஆசனத்தின் அடியிலேயே நெம்புகோல் உடையது முதல் வகை. விலை மிகக் குறைந்தது. ஆயினும் ஒரு கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டும். கியர் மாற்றும் கேபிள் போன்ற கேபிளால் இயங்குவது இரண்டாம் வகை. எண்ணெய்க் குழாயால் இயங்குவது மூன்றாம் வகை. கம்பியின்றி மின்கலத்தால் இயங்குவது நான்காம் வகை. விலை மிக உயர்ந்தது.

பொருள் குறைந்த மாணவர்க்கு இரண்டாம் வகையே தக்கது என்பது என் துணிபு. கேபிள் அறுந்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய எவ்வூரிலும் கியர் கேபிள் விற்கும் சைக்கிள் கடையில் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தாலோ, அதனை நீக்கத் தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். வாங்கும் விலை மட்டும் விலையன்று. பழுதுபார்க்கும் செலவும் விலையின் பகுதியே என்பதை மறவாதிருப்போமாக.

அளத்தல்

இனி நம் கட்டுரையின் உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். இறங்கு தண்டு வாங்க விரும்புவோர் பணப்பையைத் திறக்குமுன் நான்கு அளவுகளை எடுத்தல் வேண்டும்.

முதலாவது, தண்டின் விட்டம். மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் காணப்படுவன 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்னும் மூன்று அளவுகள். இப்போதுள்ள தண்டைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ஆசனக் குழாயின் வெளிப்புற விட்டமோ கவ்வு வளையத்தின் எண்ணோ தண்டின் விட்டம் ஆகாது. நம் நண்பர் தவறியது இங்கேதான். அவர் வளையத்தின்மீது 34.9 என்றிருந்ததைக் கண்டு, அவ்வளவுள்ள தண்டையே வரவழைத்துவிட்டார். அவ்வெண் குழாயின் வெளியளவு; உள்ளளவோ 31.6. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு அவருடைய பல மாதச் சேமிப்பை விழுங்கிற்று. விற்றவரும் அதைத் திரும்ப ஏற்கவில்லை. ஆசனக் குழாயைவிடத் தண்டு சிறிதாயின் இடையே மெல்லிய உலோகச் செருகு ஒன்றை இட்டுப் பொருத்தலாம், பெரிதாயின் செய்வதற்கொன்றுமில்லை.

இரண்டாவது, வெளியே தெரியும் நீளம். ஏறுதற்குரிய சரியான உயரத்தில் ஆசனத்தை நிறுத்தி, கவ்வு வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து ஆசனத்தின் அடியிலுள்ள இரு கம்பிகள் வரை அளக்க வேண்டும். இது 210 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இறங்கு தண்டின் தலைப்பகுதியும் கழுத்தும் சேர்ந்து ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் இடத்தைக் கொள்ளும். 150 மில்லிமீட்டர் இறங்கும் தண்டாயின் மொத்தம் 200, பொருந்தும். 170 இறங்குவதாயின் மொத்தம் 220; ஆசனம் வேண்டியதைவிட ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்று, கால் எட்டாமற்போகும். "அதிகம் இறங்குவதே நல்லது" என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவது இவ்விடத்திலேயாம்.

மூன்றாவது, குழாயின் உள் ஆழம். 150 மில்லிமீட்டர் இறங்கும் ஒரு தண்டின் முழு நீளம் 440 என்று கொண்டால், மேற்கூறிய உதாரணத்தில் 210 வெளியே நிற்க, 230 உள்ளே செல்ல வேண்டும். ஆசனக் குழாய் நடுவில் வளைந்திருப்பினும், தண்ணீர்ப் புட்டி மாட்டும் திருகாணி உள்ளே நீட்டியிருப்பினும் தண்டு அங்கே தடைப்படும். நேரான குச்சியொன்றைக் குழாய்க்குள் விட்டு, அது எங்கே முட்டுகின்றது என்று குறித்துக்கொள்ளுதல் எளிய வழி. முட்டும் இடம் 200 மில்லிமீட்டரிலேயே இருக்குமாயின், 125 இறங்கும் குட்டையான தண்டே பொருந்தும். அதனால் மனம் தளரவேண்டியதில்லை. நம் பாதைகளுக்கு 125 மில்லிமீட்டர் இறக்கமும் பெரும் பயன் தருவதே.

நான்காவது, கேபிள் செல்லும் வழி. சில வண்டிகளின் சட்டத்தில் கேபிளை உள்ளே செலுத்தத் துளை இருக்கும். விலை குறைந்த பல வண்டிகளில் இராது. துளையற்றவற்றுக்குக் கேபிள் வெளியே ஓடும் வகைத் தண்டுகள் தனியே கிடைக்கின்றன. சட்டத்தில் நாமே துளையிடத் துணிதல் பெரும் பிழை. பளுவைத் தாங்கும் குழாயில் இட்ட துளை விரிசலுக்கு வித்தாகி, ஒரு நாள் வண்டியையே முறிக்கும்.

பின்புறமும் அதிர்வு தாங்கி உடைய வண்டியாயின், ஆசனம் முழுதும் தாழ்ந்து, பின்சக்கரமும் மேலெழும் நிலையில் டயர் ஆசனத்தில் உரசாதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோலாசனம் பற்றி ஒரு சொல்

தோல் தொழிலால் உலகறிந்த இப்பகுதியில் வாழும் நாம், தண்டின்மேல் அமையும் ஆசனத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருத்தல் தகாது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866-இல் தோன்றிய புரூக்ஸ் நிறுவனத்தாரின் ஆசனங்கள் போன்றவை, ஒரே தடித்த தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் செய்யப்படுவன. அதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே ஏற்றது. குரோமில் பதனிட்ட தோல் மென்மையும் நெகிழ்வும் உடையதாகலின் தொய்ந்துவிடும். ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட பரம்பரையினரான நம் ஊராருக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் தோலாசனத்தின் மேற்பரப்பு அதன் கம்பிகளுக்கு மேலே அதிக உயரத்தில் நிற்கும். ஆகவே ஆசனத்தை மாற்ற எண்ணுவோர் முதலில் அதனை மாற்றிவிட்டு, அதன் பின்னரே மேற்கூறிய இரண்டாவது அளவை எடுத்தல் வேண்டும். இன்றேல் கணக்குப் பிழையாகும்.

விலையும் பெயரும்

இறங்கு தண்டுகளின் விலை சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல பதினாயிரம் ரூபாய்வரை வேறுபடுகின்றது. விலை உயர்ந்தவற்றில் பளு குறைவு, இயக்கம் மென்மை, நீண்ட இறக்கம். விலை குறைந்தவற்றில் பளு சற்று அதிகம். ஆட்டமும் சற்று அதிகம். ஆயினும் செய்யும் வேலை ஒன்றே. தைவான் நாட்டின் டிரான்ஸ்-எக்ஸ் போன்ற தொழிற்சாலைகள் செய்யும் தண்டுகள் வேறு பல பெயர்களைத் தாங்கியும் விற்பனையாகின்றன. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் காலணிகள் வெளிநாட்டுப் பெயர்களைத் தாங்கி வெளிநாட்டுக் கடைகளில் அடுக்கப்படுவதை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. பெயருக்காகக் கொடுக்கும் பொருளைக் குறைத்து, செயலுக்குரிய பொருளை மட்டும் கொடுத்தலே அறிவுடைமை.

விலை குறைந்த தண்டில் மூன்று குணங்களைத் தேடுதல் வேண்டும். உள்ளிருக்கும் வாயு உருளை தனியே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்கவேண்டும். அவ்வாறாயின் அது பழுதுறும்போது தண்டு முழுவதையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. அவ்வுருளையும் முளைகளும் தனியே விலைக்குக் கிடைக்கவேண்டும். ஓட்டுவோனின் பளுவுக்கு வரம்பு எவ்வளவு என்று செய்தோர் தெளிவாகக் குறித்திருக்கவேண்டும். விசை எளியதாயினும் தாழ்வில்லை. பின்னர் நல்ல விசையொன்றை வேறாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

பிறர் பயன்படுத்தியதை வாங்குவோர், ஆசனத்தை முழுதும் உயர்த்தி அதன்மேல் அமர்ந்து பார்க்க வேண்டும். விசையைத் தொடாதபோதே தண்டு மெல்லத் தாழுமாயின், உள்ளே உருளை கெட்டிருக்கின்றது என்பது பொருள். உட்குழாயின் பளபளப்பில் நீண்ட கீறல்கள் இருப்பின் அதனையும் தவிர்த்தல் நன்று.

பேணும் முறை

நம் பகுதியில் கோடைப் புழுதி மிகுதி. பழைய கைப்பம்பில் எண்ணெய் வற்றிய தோல் வாஷர் காற்றை விட்டுவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இறங்கு தண்டின் கழுத்திலுள்ள ரப்பர் வளையமும் அத்தகையதே. புழுதி சேர்ந்தால் அதுவும் கெட்டு, குழாயையும் கீறிவிடும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் உட்குழாயை மெல்லிய துணியால் துடைத்தல் போதும். கவ்வு வளையத்தை அளவுக்கு மீறி இறுக்குதல் கூடாது. மிக இறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து, தண்டு மெதுவாக எழும், அன்றி எழாமலே நின்றுவிடும். "தண்டு கெட்டுவிட்டது" என்று கடைக்குக் கொண்டுவரப்படுவனவற்றுள் சில, வளையத்தைச் சற்றுத் தளர்த்திய அளவில் குணமாவதுண்டு. தாழ்ந்த நிலையில் உள்ள ஆசனத்தைப் பிடித்து வண்டியைத் தூக்குதலும் தவிர்க்கத்தக்கது. சிலவகை உருளைகளில் அதனால் எண்ணெயோடு வாயு கலந்து, ஆசனம் மெத்தை போல் அமுங்கத் தொடங்கும்.

யாருக்கு வேண்டுவதில்லை?

இவ்வளவும் கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. மேல்விஷாரத்திலிருந்தோ காட்பாடியிலிருந்தோ நாள்தோறும் சாலை வழியே கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இக்கருவியால் யாதொரு பயனும் இல்லை. தமிழ்ப் புலவர், வள்ளல்கள் ஆகியோர் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளையுடைய ஏலகிரிச் சாலையில் ஏறி இறங்குவோர்க்கும், அது தார்ச்சாலையே ஆகலின், நல்ல பிரேக்கும் நிதானமும் போதும். பந்தய வீரர் ஒருவர் சாலையில் அதனால் வென்றார் என்பது நாமும் அதனை வாங்கவேண்டும் என்பதற்குக் காரணமாகாது. கல்லும் வேரும் பள்ளமும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் இடங்களில் செல்வோர்க்கே இது இன்றியமையாதது.

ஐயமுடையோர்க்கு ஒரு சோதனை கூறுகிறேன். ஸ்பேனரால் திருகும் வளையத்துக்குப் பதிலாக, கைந்நெம்புகோல் உடைய கவ்வு வளையம் ஒன்றை வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு இறங்கு தண்டின் விலையில் மிகச் சிறு பகுதியே. ஏறுதற்குரிய உயரத்தைத் தண்டின்மீது ஒரு கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்டில் செய்தோர் பொறித்துள்ள கடைசிக் கோடு வெளியே தெரியுமளவு அதனை ஒருபோதும் உயர்த்தாதீர்கள். ஒவ்வோர் இறக்கத்தின் முன்னும் வண்டியை நிறுத்தி, ஆசனத்தைத் தாழ்த்தி, இறங்கியபின் மீண்டும் உயர்த்துங்கள். ஒரு மாதம் இவ்வாறு செய்து, ஒரு பயணத்தில் எத்தனை முறை நிறுத்தினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு முறையாயின் அவ்வளையமே உங்களுக்குப் போதும். எஞ்சிய பணத்தைத் தலைக்கவசத்துக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள். பத்துமுறைக்கு மேலாயின், சலிப்பினால் ஒருமுறை நிறுத்தாமலே இறங்குவீர்கள். அந்த ஒருமுறையே கையை முறிக்கும். அத்தகையோர் தாமதியாது இறங்கு தண்டை வாங்குதல் நலம்.

முடிவுரை

நம் நண்பர் மணிக்கட்டுக் குணமானபின், நுழையாத தண்டைச் சென்னையில் உள்ள ஒருவருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இம்முறை நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கேபிளால் இயங்குவதும் 125 மில்லிமீட்டர் இறங்குவதுமான எளிய தண்டு ஒன்றை வாங்கினார். முன்னர் வாங்கியதன் விலையில் இது பாதிக்கும் குறைவு. இப்பொழுதும் அதே பாதையில் அவர் இறங்கி வருகிறார். அக்கல்லும் அங்கேயே கிடக்கின்றது. அதனை அணுகுமுன் கட்டைவிரலால் விசையை அழுத்தி, உடலைத் தாழ்த்திப் பின்னே சாய்ந்து, அதனைக் கடந்துவிடுகிறார்.

மாணவ நண்பர்களே! ஒரு கருவி நமக்குப் பயன்படுவது அதன் விலையாலன்று. நம் தேவையோடும் நம் வண்டியோடும் அது பொருந்துதலாலேயே. பொருந்தாத உயர்ந்த பொருளினும் பொருந்திய எளிய பொருளே மேலானது. ஆதலின் முதலில் உங்கள் பாதையை ஆராயுங்கள். அடுத்து உங்கள் வண்டியை அளவுங்கள். அதன்பின் விலையைக் கேளுங்கள். இவ்வரிசையை மாற்றாதிருப்போர் கையும் காசும் காக்கப்பெறுவர்.